ஊட்டிக் குளிரில் சீரியம் ஆக்சைடு நானோ துகள் செய்ய முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஊட்டிக்கு வந்து எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறீர்கள். புராஜெக்டுக்கு சீரியம் ஆக்சைடு நானோ துகள் என்று கைடு சொல்லிவிட்டார். ஆய்வகத்தில் இருப்பது ஒரு மஃபிள் ஃபர்னஸ் (உயர்வெப்ப மின் உலை), ஒரு ஓவன், கரைசலைக் காந்தத்தால் கலக்கும் ஒரு மேக்னடிக் ஸ்டிரர், வேகமாகச் சுழற்றிப் பொடியை அடியில் இறக்கும் ஒரு பழைய சென்ட்ரிஃப்யூஜ். இதை வைத்துக்கொண்டு செய்ய முடியுமா, கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலைச் சாற்றில் செய்தால் நல்லதா, செய்த பொடி எதற்கு உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். நானோ பொருட்களிலேயே கையில் காசில்லாத ஆய்வகத்துக்கு இதைவிடத் தோதான ஒன்று கிடையாது. நானும் சில வருடம் மலையில்தான் இந்த வேலையைச் செய்தேன். சமவெளியில் எழுதிய செய்முறையை அப்படியே இங்கே எடுத்து வந்தால் எங்கெல்லாம் இடிக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. சீரியத்தை 'அரிய மண்' தனிமம் என்று சொல்வார்கள். பெயரில்தான் அரிது. பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு இருக்கும் அளவுக்கு சீரியமும் இருக்கிறது. 1803-ல் ஸ்வீடனில் பெர்சிலியஸும் ஹிசிங்கரும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு கண்டுபிடிக்கப்பட்ட சிரீஸ் என்ற குறுங்கோளின் பெயரை வைத்தார்கள். நமக்கு இது தூரத்துச் சரக்கும் இல்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் அரிய மண் தனிமங்களில் ஏறத்தாழ பாதி சீரியம்தான். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றிச் சொல்வார்கள். மின்சாரம் வராத காலத்தில் ஹட்டியில் (படகர் ஊரில்) கல்யாணமோ பண்டிகையோ நடந்தால் அந்த விளக்குதான். அதில் கட்டிய மேண்டில், தோரியம் நைட்ரேட்டும் துளி சீரியம் நைட்ரேட்டும் ஊறிய துணிப் பை. முதல் தடவை பற்ற வைத்ததும் துணி எரிந்துபோய், தொட்டால் உதிரும் வெள்ளைக் கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூடு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. 1891-ல் ஆவெர் ஃபான் வெல்ஸ்பாக் கண்ட விகிதம் அது. அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் வெளிச்சம் மங்கிப்போகும். ஒரு அச்சில் ஊறவைத்து, பிறகு அச்சை எரித்துவிடும் வேலையை, இன்றைக்கு 'டெம்ப்ளேட் முறை' என்று சொல்வதை, அந்த விளக்கு நூறு வருடத்துக்கு முன்பே பந்தலில் தொங்கிக்கொண்டு செய்திருக்கிறது.

சரி, இந்த ஆக்சைடில் அப்படி என்ன விசேஷம்? என்னைக் கேட்டால் ஒரே விஷயம்தான்: அதில் இல்லாமல் போன ஆக்சிஜன். 'எத்தனை நானோமீட்டர்' என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அளவு ஒரு வழிதான். நீங்கள் உண்மையில் தயாரிக்கப்போவது ஓட்டைகளை.

சீரியம் டை ஆக்சைடின் படிகம் ஃபுளோரைட் அமைப்பு. கனசதுரக் கூட்டின் ஒரு பக்கம் 5.41 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொரு சீரியத்தைச் சுற்றியும் எட்டு ஆக்சிஜன், ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு சீரியம். இதில் ஒரு ஆக்சிஜன் அணு எழுந்து போய்விட்டது என்று வையுங்கள். போகும்போது இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுப் போகிறது. அவற்றைப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சீரியம்-4 அயனிகள் (நான்கு எலக்ட்ரான் இழந்தவை) ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு சீரியம்-3 (மூன்று இழந்தவை) ஆகின்றன. கூடு இடிவதில்லை. காலி இடம் காலியாகவே இருக்கும். வேறு ஆக்சிஜன் வந்தால் உட்கார்ந்துகொள்ளும், எலக்ட்ரான்களும் திரும்பப் போய்விடும். இப்படி எத்தனை தடவை வேண்டுமானாலும் கொடுத்து வாங்கலாம். பெரும்பாலான அரிய மண் தனிமங்கள் மூன்றிலேயே நின்றுவிடும். சீரியம் மூன்றுக்கும் நான்குக்கும் சுலபமாக ஏறி இறங்கும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் குன்னூர் மலைப்பாதையில் ஓடும் ஒரு பெட்ரோல் காரை நினைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஏற டிரைவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார். பெட்ரோல் அதிகம், காற்று போதாது. புகையில் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் வருகின்றன. சைலன்சருக்கு முன்னால் இருக்கும் வினையூக்கிப் பெட்டியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றோடு பூசியிருக்கும் சீரியம்-சிர்கோனியம் ஆக்சைடு, தன் ஆக்சிஜனைக் கொடுத்து அவற்றை எரித்துவிடுகிறது. அதே கார் ஊட்டியிலிருந்து இறங்கும்போது, கியரில் வைத்துக் காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். பெட்டிக்குள் வெறும் காற்றுதான் போகும். இழந்த ஆக்சிஜனை ஆக்சைடு அப்போது நிரப்பிக்கொள்கிறது. ஏற்றத்தில் செலவு, இறக்கத்தில் வரவு. உலகில் இந்த ஆக்சைடுக்குக் கிடைத்த பெரிய வேலைகளில் இதுவும் ஒன்று.

அளவு எங்கே வருகிறது என்றால், இந்தக் கொடுக்கல் வாங்கல் மேற்பரப்பில்தான் சுலபம். 6 என்ற எண்ணை அடர்த்தியாலும் விட்டத்தாலும் வகுத்தால் ஒரு கிராமின் மேற்பரப்பு வந்துவிடும். அடர்த்தி 7.2, துகள் 8 நானோமீட்டர் என்றால் கிராமுக்கு சுமார் 104 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டரை சென்ட் நிலம், ஒரு கிராம் பொடிக்குள். துகள் 20 நானோமீட்டர் ஆகிவிட்டால் அதே கிராமில் ஒரு சென்ட்தான் மிஞ்சும். அப்புறம், சீரியம்-3 உருவில் சீரியம்-4-ஐ விடப் பெரியது. துகள் சின்னதாகச் சின்னதாக ஓட்டை கூடி, சீரியம்-3 கூடி, படிகக் கூடே லேசாக உப்பும். சாதாரணமாகப் பொருள் பொடியானால் சுருங்கும் என்று தோன்றும், இது தலைகீழ்.

இனி செய்முறை. உங்களுக்கு நான் சொல்வது வீழ்படிவு முறைதான், அதாவது கரைசலிலிருந்து திடப்பொருளைப் பிரித்து அடியில் இறக்குவது. சீரியம் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 4.34 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி. ஸ்டிரரில் சுற்றவிட்டு நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், பிஎச் 9-லிருந்து 10 வரும்வரை. முதலில் வெள்ளையாகக் குழகுழவென்று ஒன்று வரும். அது சீரியம்-3 ஹைட்ராக்சைடு. காற்றுப் பட்டுச் சுற்றச் சுற்ற அது நாவல்பழக் கறை மாதிரி ஊதா நிறத்துக்குப் போகும். பயந்துவிடாதீர்கள். முதல் தடவை நான் ஏதோ அழுக்கு கலந்துவிட்டது என்று நினைத்து ஒரு பீக்கர் முழுவதையும் கொட்டிவிட்டேன். மூன்றும் நான்கும் கலந்து நிற்கும் கட்டம் அது. இன்னும் விட்டால் ஊதா வெளுத்து இளமஞ்சளாகும். அப்போது உங்கள் சீரியம் நான்குக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நன்றாகக் கழுவி, கடைசியாக எத்தனாலில் ஒரு கழுவு, 80 டிகிரியில் உலர்த்தி, 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் 1.7 கிராம் அளவுக்கு மஞ்சள் பொடி கையில் நிற்கும். கழுவுவதில் சோம்பல் வேண்டாம். அம்மோனியம் நைட்ரேட் மிச்சம் இருக்கும் பொடியை ஃபர்னஸுக்குள் வைக்கக் கூடாது.

இதில் மலை எங்கே குறுக்கே வருகிறது? மூன்று இடத்தில்.

ஒன்று, உப்பு. சீரியம் நைட்ரேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஜூன், ஜூலையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் ஊரில், பாட்டிலைத் திறந்து ஸ்பேட்டுலாவில் எடுத்து எடைபோடுவதற்குள் படிகம் பிசுபிசுத்துவிடும். நீங்கள் 4.34 கிராம் என்று எழுதுவீர்கள், அதில் எவ்வளவு தண்ணீர் என்பது உப்புக்கே வெளிச்சம். இதற்கு ஒரு பழைய வழி உண்டு. எடைபோட்ட ஒரு கிராம் உப்பை குரூசிபிளில் வைத்து மெதுவாகச் சூடேற்றி, 900 டிகிரியில் சுட்டு, மிஞ்சும் ஆக்சைடை எடைபோடுங்கள். சுத்தமான ஹெக்சாஹைட்ரேட் என்றால் 0.396 கிராம் வர வேண்டும். பல பேர் திறந்து மூடிய ஒரு பாட்டிலில் எனக்கு 0.36 வந்தது. அதாவது நூற்றுக்கு ஒன்பது பங்கு சீரியம் கணக்கில் இல்லை. அந்த வருடம் எடுத்த அளவுகளை எல்லாம் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. சுடும்போது செம்பழுப்புப் புகை வரும், நைட்ரஜன் ஆக்சைடு. ஃப்யூம் ஹூட் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

இரண்டு, 'அறை வெப்பநிலை'. ஆய்வுக் கட்டுரையில் இந்த வார்த்தையைப் பார்த்தால் 25, 30 டிகிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் காலையில் புல் மேல் உறைபனி நிற்கும்போது உங்கள் ஆய்வகத்துக்குள் 12 டிகிரி கூட இருக்காது. குளிரில் ஊதா நிறம் மஞ்சளாக மாற வெகுநேரம் பிடிக்கும், ராத்திரி முழுக்கச் சுற்றவிட வேண்டியிருக்கும். விதைப் படிகம் எத்தனை பிறக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு வளர்கிறது என்பதும் மாறும். அதனால் தண்ணீர்த் தொட்டியில் வைத்து 30 டிகிரியோ 60 டிகிரியோ ஒரே நிலையில் நிறுத்துங்கள், அந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஊட்டிக்கு இந்தச் சூட்சுமம் புதிதில்லை. இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை நடந்த காலத்தில் ஃபிலிம் பூச்சுக்குள் இருந்தது வேறொன்றும் இல்லை, ஜெலட்டினுக்குள் வெள்ளி நைட்ரேட்டையும் ஹாலைடு உப்பையும் சேர்த்து வீழ்த்திய நுண்படிகங்கள்தான். எந்த வேகத்தில் சேர்க்கிறோம், எந்த வெப்பத்தில் சேர்க்கிறோம் என்பதுதான் படிகத்தின் அளவை முடிவு செய்யும். படிகத்தின் அளவுதான் ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை எவ்வளவு சுலபமாகப் பதிகிறது என்பது. படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஜெலட்டின் பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்யப்போவது அந்த வேலையின் தங்கச்சி வேலை.

மூன்று, கொதிநிலை. ஊட்டி 2240 மீட்டர் உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் 'தண்ணீரில் 100 டிகிரியில் ரிஃப்ளக்ஸ் செய்யவும்' (ஆவியைக் குளிரவைத்துத் திருப்பி விட்டுக்கொண்டே கொதிக்கவிடவும்) என்று எழுதியிருந்தால் அது இங்கே நடக்காது. அரிசியே வேகாதது நமக்குத் தெரியும். ஆட்டோகிளேவ் என்ற மூடிய அழுத்தப் பாத்திரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. உள்ளே அழுத்தம் தானாக ஏறிக்கொள்ளும்.

ஆட்டோகிளேவ் என்றதும் வடிவங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெஃப்லான் உறை போட்ட ஸ்டீல் பாத்திரம் ஒன்று வாங்க முடிந்தால் இந்த புராஜெக்டின் அழகான பகுதி அதுதான். அதே சீரியம் நைட்ரேட், காஸ்டிக் சோடா 6 மோலாருக்கு மேல், 24 மணி நேரம். ஓவனை 100 டிகிரியில் வைத்தால் கம்பி கம்பியாக நானோ தண்டுகள் வரும். 180-ல் வைத்தால் சர்க்கரைக் கட்டி மாதிரி கனசதுரங்கள். சோடாவை மிகவும் குறைத்து 180-ல் வைத்தால் பல முகமுள்ள துகள்கள். பொருள் ஒன்றுதான், வெளியே தெரியும் முகம்தான் வேறு. முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை 111, 100, 110 என்று எண்ணால் குறிப்பார்கள். 111 முகம் மிகவும் நிலையானது, ஆக்சிஜனை லேசில் விடாது. பல முகத் துகள்களில் பெரும்பாலும் அந்த முகம்தான். கனசதுரங்களில் 100 முகம். தண்டுகளில் 110, 100 முகங்கள் என்று கண்டிருக்கிறார்கள், அவற்றில் ஓட்டை விழுவது சுலபம். அதனால்தான் கார்பன் மோனாக்சைடை எரிக்கும் வேலையில் தண்டுகள் முந்துகின்றன. பாத்திரத்தை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், 200 டிகிரியைத் தாண்டாதீர்கள், முழுக்க ஆறாமல் திறக்காதீர்கள். 40 மில்லிக்கு ஒன்பதரை கிராம் சோடா போகும். சூடான அந்தக் கரைசல் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

எரிப்பு முறை என்று ஒன்று உண்டு. நைட்ரேட்டோடு கிளைசினோ யூரியாவோ கலந்து சூடாக்கினால் குப்பென்று பற்றி, ஒரு நிமிடத்தில் பஞ்சு போன்ற ஆக்சைடு வந்துவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. சி. பாட்டீல் வளர்த்தெடுத்த முறை இது. நைட்ரேட்டும் எரிபொருளும் ஒரே பாத்திரத்தில் என்றால் என்ன ஆகும் என்று வெடிமருந்து ஆலை இருக்கும் அருவங்காட்டுப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கைடு பக்கத்தில் நிற்காமல் வேண்டாம், முதலில் அரை கிராமோடு நிறுத்துங்கள்.

இப்போது கற்பூர இலைக்கு வருவோம். ஊட்டியில் இருந்துகொண்டு இந்த ஆசை வராமல் இருக்காது. தைலம் காய்ச்சும் கொட்டகைகளில் காய்ச்சி முடித்துப் போட்ட இலை மலைபோல் கிடக்கிறது. அதில் செய்தால் 'பசுமை முறை' என்று தலைப்பும் வைக்கலாம். செய்யுங்கள், தடுக்கவில்லை. ஆனால் எழுதும்போது ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். 'இலையிலுள்ள பாலிஃபீனால்கள் சீரியம் அயனியை ஒடுக்கி நானோ துகளாக்குகின்றன' என்ற வாக்கியம் எத்தனையோ இடத்தில் அச்சாகியிருக்கிறது. வெள்ளி நானோ துகளுக்கு எழுதியதை அப்படியே பெயர் மாற்றி ஒட்டியது அது. வெள்ளி அயனி வெள்ளியாக வேண்டுமானால் எலக்ட்ரான் வாங்க வேண்டும், அதனால் ஒடுக்கம் என்பது சரி. சீரியத்தின் கதையே வேறு. மூன்றாக இருப்பது நான்காக வேண்டும், அதாவது எலக்ட்ரானை இழக்க வேண்டும். அது ஆக்சிஜனேற்றம். அந்த வேலையைச் செய்வது இலை இல்லை, காற்றும் ஃபர்னஸும்தான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது இதைக் கேட்டுவிட்டால் இலை காப்பாற்றாது.

இலைச் சாறு என்னதான் செய்கிறது என்றால், சீரியத்தைப் பிடித்துவைக்கும், துகள்கள் ஒட்டாமல் இடையில் நிற்கும், சுடும்போது தானே எரிபொருளாகி எரிந்து துளைகளை விட்டுப்போகும். துணிப் பை மேண்டிலில் செய்த வேலைதான். 500 டிகிரியில் சுட்ட பிறகு இலையின் கரிமப் பொருள் ஏதும் பொடியில் மிஞ்சப்போவதில்லை. அதனால் இலை இல்லாமல் ஒரு தொகுதி, வெறும் சர்க்கரையோ ஸ்டார்ச்சோ போட்டு ஒரு தொகுதி, இலையோடு ஒரு தொகுதி என்று மூன்றையும் ஒரே நாளில் ஒரே ஃபர்னஸில் சுட்டு ஒப்பிடுங்கள். இலைக்கென்று தனியாக ஏதாவது சக்தி இருந்தால் அங்கே தெரிந்துவிடும். தெரியாமல் போனால் அதையும் எழுதுங்கள்.

அளப்பதற்கு எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரைப் படிகத்தில் சிதறவிட்டு அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுக்க கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். செம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிரில் 28.5, 33.1, 47.5, 56.3 டிகிரியில் கோபுரங்கள் நிற்க வேண்டும். 28.5 கோபுரத்தின் பாதி உயர அகலம் 1 டிகிரி என்றால், அகலத்திலிருந்து துகளின் அளவைக் கணிக்கும் ஷெரர் சமன்பாட்டில் 8.2 நானோமீட்டர் வரும். கருவியால் வரும் அகலத்தைக் கழிக்க மறந்தால் துகள் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். லேசர் ஒளியைச் சிதறவிட்டுப் பார்க்கும் ராமன் சோதனையில் 464 செ.மீ⁻¹ என்ற இடத்தில் ஒரு கூர்மையான கோடு வரும், 600-க்குப் பக்கத்தில் வரும் மங்கலான மேடுதான் ஓட்டைகளின் கையெழுத்து. மேற்பரப்பில் எவ்வளவு சீரியம்-3, எவ்வளவு சீரியம்-4 என்று எக்ஸ் கதிரால் பார்க்கும் எக்ஸ்பிஎஸ் எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த வெற்றிடமும் எக்ஸ் கதிருமே சீரியம்-4-ஐ மூன்றாக்கிவிடும். நேரம் ஆக ஆக ஓட்டை கூடுவது போலத் தெரியும். வரும் சதவீதத்தைத் தசமப் புள்ளியோடு நம்பாதீர்கள்.

கருவியே இல்லாமல் ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சுடாத, அல்லது லேசாகச் சுட்ட பொடியைத் தண்ணீரில் கலக்கி ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விடுங்கள். இளமஞ்சள் சட்டென்று ஆரஞ்சாகும். நாள் போகப்போக ஆரஞ்சு கரைந்து பழைய நிறத்துக்குத் திரும்பும். பெராக்சைடு மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு பிறகு சிதைகிறது. இதையே அளவோடும் செய்யலாம்: 30 டிகிரி தொட்டியில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் பொடியை இறக்கிவிட்டு, மிச்சப் பெராக்சைடை பெர்மாங்கனேட்டில் டைட்ரேட் செய்யுங்கள். வினைவேக எண் கிடைக்கும். மூன்று தொகுதியையும் இதில் ஒப்பிடலாம், செலவு கிட்டத்தட்ட இல்லை.

பயன் என்று கேட்டால் பட்டியல் நீளம். மூக்குக் கண்ணாடி வில்லையும் சிலிக்கான் தகடும் மெருகேற்றும் பொடி இதுதான். ஆற்றல் இடைவெளி ஏறக்குறைய 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 390 நானோமீட்டருக்குக் கீழே வரும் புற ஊதாவை விழுங்கும். குளிராக இருந்தாலும் முகம் கருத்துப்போகும் நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தம்தான். கடோலினியம் கலந்தால் எரிபொருள் கலத்தில் ஆக்சிஜன் அயனி ஓடும் பாதையாகும். உயிரியலில் நொதி மாதிரி வேலை செய்கிறது என்று பெரிய பேச்சு உண்டு. சீரியம்-3 அதிகம் என்றால் சூப்பராக்சைடை அழிக்கும் நொதி போல, சீரியம்-4 அதிகம் என்றால் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் போல. அங்கேயும் ஓட்டைக் கணக்குதான். ஆனால் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் வைக்கும் பாஸ்பேட் கரைசலில்) இதைச் சோதிக்காதீர்கள். பாஸ்பேட் சீரியத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, சூப்பராக்சைடை அழிக்கும் அந்த முதல் வேலையைக் கெடுத்துவிடும். மருந்து என்று அறிக்கையில் எழுதிவிடவும் வேண்டாம், நுண்பொடியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் அரைக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் வேலை வீழ்படிவு இல்லை, அந்த ஒரு கிராம் உப்பைச் சுட்டு எடைபோடுவது. அதற்கும் முன்னால், ஈரம் படாமல் பொருளை வைக்கும் டெசிகேட்டரைத் திறந்து சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நீல ரகம் இளஞ்சிவப்பாகியிருந்தால் ஓவனில் 120 டிகிரியில் வைத்து நீலத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் பாட்டிலைத் திறங்கள்.